ஓடிப்போன பிறகு எங்கே தங்குவது? ‘காதல்’ படத்தை வைத்து ஒரு விவாதம்

லிந்துலை வாசகர், 09.02.2025

‘காதல்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். அக்கா மகளும் பக்கத்தில் இருந்தாள், சாதாரண தரம் (ஓ.எல்., பதினோராம் வகுப்பு) படிக்கிற பிள்ளை. பாதியில் எழுந்து டிவியை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி வீட்டை விட்டு ஓடுகிறாள், அதற்கு ஒரு அழகான பாட்டு வேறு. இந்தப் படம் வந்த காலத்தில் எங்கள் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் கிளம்பிப் போனது ஊருக்கே தெரியும். மலையகத்துக்கு இந்தப் படம் கெடுதல்தான் செய்தது என்பது என் கருத்து. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஹட்டன் வீடியோக்காரர், 09.02.2025, இரவு

நான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஹட்டன் டவுனில் வீடியோக் கடை நடத்தியவன். சடங்கு வீடு, கல்யாண வீடு என்று டெக்கும் டிவியும் வாடகைக்குத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கியவன். ‘காதல்’ என் கையால் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறது.

அப்போது படங்கள் விசிடியில்தான் வரும். ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். என்னிடம் இருந்த பிரதியில் காதலர்களான முருகனும் ஐஸ்வர்யாவும் மதுரையை விட்டுக் கிளம்புகிற இடத்தையொட்டி முதல் டிஸ்க் முடிந்துவிடும். கொஞ்ச மாதத்தில் அந்த முதல் டிஸ்க் கீறல் விழுந்து, படம் நின்று நின்று ஓடத் தொடங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டம் வட்டமாகக் கோடு. இரண்டாவது டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் பார்த்தது பாதிப் படத்தை. இயக்குநர் சொல்ல வந்ததெல்லாம் அந்த மீதிப் பாதியில் இருக்கிறது.

அதனால் கெடுதல் செய்தது படம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், தம்பி. அந்தப் பிள்ளைக்கும் ஓடுகிற பாதிதான் கிடைத்திருக்கிறது.

ஹட்டன் வீடியோக்காரர், 10.02.2025

படம் 2005 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கே நாம் பார்த்தது 2005இல்தான், ஆனால் படம் வெளியானது 2004 டிசம்பரில். பாலாஜி சக்திவேல் இயக்கியது, தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். ஜோஷ்வா ஸ்ரீதருக்கு முதல் படம், பாட்டெல்லாம் நா. முத்துக்குமார். ஒளிப்பதிவு விஜய் மில்டன். சந்தியாவுக்கும் இதுதான் முதல் படம். பரத் அதற்கு முன்னால் ‘பாய்ஸ்’ படத்தில் ஐந்து பையன்களில் ஒருவராக வந்தவர்.

இந்தப் படத்தில் நடித்தவர்களுக்குப் படத்தின் பெயரே வீட்டுப் பெயர் போல ஒட்டிக்கொண்டது. காதல் தண்டபாணி, காதல் சுகுமார், காதல் சரண்யா என்றுதான் பிறகு எல்லோரும் அவர்களைச் சொன்னார்கள். பெண்ணின் அப்பாவாக வந்த தண்டபாணி 2014இல் காலமாகிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தாலே பயந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் இருந்தார்கள்.

ஹட்டன் வீடியோக்காரர், 11.02.2025

‘எல்லாக் காதல் படமும் ஓடத்தான் சொல்லிக்கொடுக்கிறது’ என்று பொகவந்தலாவை அண்ணன் எழுதியதற்குப் பதில்.

என் கடைத் தட்டில் மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981. பூணூலையும் சிலுவையையும் கழற்றிப் போட்டுவிட்டு இருவரும் போகிறார்கள், படம் அங்கேயே முடிந்துவிடும். எங்கே போனார்கள், அன்று இரவு என்ன சாப்பிட்டார்கள் என்று பாரதிராஜா சொல்லவில்லை. அந்த வயதில் நானும் கேட்கவில்லை, கைதட்டினேன். ‘காதலுக்கு மரியாதை’ 1997. அதில் ஓடிப்போனவர்கள் வீட்டை நினைத்துத் திரும்பி வந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் மனம் இளகி, கடைசியில் நல்லபடியாக முடியும். தோட்டத்தில் அம்மாமார் விரும்பிக் கேட்ட படம் அது.

மூன்றாவது ‘காதல்’. முதல் படம் எங்கே நிறுத்தியதோ அங்கிருந்து இது தொடங்குகிறது. இரண்டாவது படம் நம்பிய பெரியவர்களின் நல்ல மனதை இது நம்பவில்லை. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்த ஒருவன் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹட்டன் வீடியோக்காரர், 13.02.2025

இதை விரிவாக எழுத வேண்டும் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

படத்தில் சென்னையில் வந்து இறங்கிய பிறகு நடப்பதை ஆற அமரப் பாருங்கள். முருகனுக்கு அங்கே ஸ்டீபன் என்று ஒரு நண்பன், திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறான். மேன்ஷன் ஆம்பிளைகள் தங்குகிற இடம், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அந்த இடத்திலிருந்து படத்துக்கு ஒரே கேள்விதான்: இந்தப் பெண்ணை இன்றைக்கு ராத்திரி எங்கே தங்க வைப்பது? காதல் வசனம் குறைந்துபோகிறது. நண்பன் அலைகிறான், முருகன் வேலை தேடுகிறான், பெண் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறாள். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் உண்மையாகப் படுவது இந்தப் பகுதிதான். அடிதடி, அப்பாவின் ஆத்திரம் இதெல்லாம் நாம் வேறு படங்களிலும் பார்த்தவை.

ஏன் அது என்னை இப்படிப் பிடித்தது என்றால், நான் லயத்தில் பிறந்தவன். 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை) ஒன்று, முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் அடுப்படி. அதில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நாங்கள். அண்ணனுக்குக் கல்யாணமானபோது இஸ்தோப்பைச் சாக்கால் மறைத்து அவர்களுக்கு ஒதுக்கினோம். ஊர் கூடிச் செய்துவைத்த கல்யாணத்துக்கே அவ்வளவுதான் இடம். இதில் ஒருவன் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால், பெற்றவர்கள் சம்மதித்தாலும் அவளை எங்கே படுக்க வைப்பது?

அதோடு அந்தக் காம்பரா நமக்குச் சொந்தமும் இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற வரைக்கும்தான் குடியிருக்கலாம் என்பது பழைய முறை. ஒரு பையன் தோட்டத்தை விட்டு ஓடினால் அப்பா அம்மாவை மட்டுமா விட்டுப் போகிறான், இந்த உலகத்தில் தன் தலைக்கு மேலிருந்த ஒரே தகரத்தையும் விட்டுப் போகிறான். மதுரை முருகனுக்கு மெக்கானிக் தொழில் கையில் இருந்தது, எந்த ஊர் போனாலும் ஒரு பட்டறை கிடைக்கும். கொழுந்து பறிக்கவும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் தெரிந்தவனுக்குக் கொழும்பில் என்ன வேலை இருக்கிறது? சாப்பாட்டுக்கடையில் தட்டுக் கழுவலாம், மூட்டை தூக்கலாம்.

ஓடிப்போகிறவர்களைத் திட்டுகிறவர்களும், பாராட்டுகிறவர்களும் இந்தக் கூரை விஷயத்தைப் பேசுவதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

ஹட்டன் வீடியோக்காரர், 13.02.2025, பின்னிரவு

ஒன்று விட்டுப்போனது. மேன்ஷனில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த இருவருக்கும் கல்யாணம் செய்து வைப்பார்களே, ஊர் பேர் தெரியாதவர்கள், சொந்தமும் இல்லை, சாதியும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் வாளோடு தேடிக்கொண்டிருக்க, ஊரை விட்டு வந்து கட்டில் வாடகைக்குப் பிடித்துப் படுத்திருந்தவர்கள்தான் பெரிய மனிதர்களாக நின்றார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஹட்டன் வீடியோக்காரர், 16.02.2025

‘நீங்கள் யாரையாவது நேரில் பார்த்தீர்களா?’ என்று தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பார்த்தேன். பெயரும் தோட்டமும் எழுத மாட்டேன்.

மேக்கணக்குப் பையன் (தோட்டத்தின் மேல் பிரிவு), பள்ளிக்கூடம் விட்டு டவுனில் சில்லறை வேலை செய்தவன். என் கடைக்கு அடிக்கடி வருவான். ஒரு நாள் மாலை வந்து, எடுத்திருந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்து, பழைய பாக்கியையும் எண்ணி வைத்தான். கேட்காமலே பாக்கி கொடுக்கிற ஆள் இல்லை. பதுளையிலிருந்து வருகிற இரவுக் கோச்சி (ரயில்) ஹட்டனுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன். சட்டைப் பையில் ஒரு சீப்பும், தாளில் சுற்றிய மஞ்சள் கிழங்கு ஒன்றும் இருந்தன. அந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது, அதற்குள் அவன் படி இறங்கிவிட்டான்.

இது 2007. அந்த ஆண்டு கொழும்பு எப்படி இருந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. தமிழ் ஆள் என்றால் ஏன் வந்தாய், எங்கே தங்குகிறாய், யார் வீட்டில் பதிந்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அந்த ஜூன் மாதத்தில்தான் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். பிறகு உயர்நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அப்படிப்பட்ட ஊரில் அடையாள அட்டை இல்லாத ஒரு பெண்ணோடு ஒரு பையன் எந்த லொட்ஜில் போய் ரூம் கேட்பான்?

புறக்கோட்டைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கடைக்கு மேல்மாடியில் வேலைக்காரப் பையன்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிற இடம். படத்தில் வந்த மேன்ஷன்தான், அப்படியே. அந்தக் கூட்டாளியும் ஸ்டீபனைப் போல அலைந்திருக்கிறான். ஒரு வீட்டிலும் சேர்க்கவில்லை, காலம் அப்படி. கோட்டை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்தே இரவைக் கழித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

திரும்பியபோது தோட்டத்துச் சங்கத் தலைவரும் பெரியவர்களும் கோயில் முன்னால் கூடினார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பெண்ணை வவுனியாவில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். 1977 கலவரத்தில் அங்கே போய்க் குடியேறிய குடும்பம் அது. பையன் கொழும்பிலேயே வேலைக்குப் போய்விட்டான். இருவரும் இப்போது வேறு வேறு குடும்பம், நன்றாக இருக்கிறார்கள்.

அவர்களைப் பிரித்தது யார் என்று இன்றைக்கும் யோசிப்பேன். அப்பா அம்மா கோபப்பட்டார்கள், உண்மை. ஆனால் அந்த முதல் இரவுக்கு ஒரு கூரை கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

ஹட்டன் வீடியோக்காரர், 18.02.2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: ‘கூரை கிடைத்திருந்தால் என்கிறீர்களே அண்ணா, அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?’

நியாயமான கேள்வி. ஓ.எல். எழுதிய வருடம். படத்தின் ஐஸ்வர்யாவும் பள்ளிக்கூடப் பிள்ளைதான். இருபது வருடத்துக்கு முன்னால் படத்தைப் பார்த்தபோது நான் முருகன் பக்கம் நின்று பார்த்தேன். இப்போது எனக்கும் உயர்தரம் படிக்கிற மகள் இருக்கிறாள், படம் வேறு மாதிரி தெரிகிறது. சீருடையோடு வருகிற பெண்ணைப் பார்க்கும்போது, இவளோடு யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா என்றுதான் மனம் ஓடுகிறது. படத்தில் அவளோடு யாரும் பேசுவதே இல்லை, கவனித்தீர்களா? வீட்டில் அவளைக் கொஞ்சுகிறார்கள், நகை போடுகிறார்கள், பிறகு அடிக்கிறார்கள்.

நம் நாட்டில் 1995இல் சட்டத்தைத் திருத்திப் பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயதை 18 ஆக்கினார்கள். அதற்குக் கீழே பதிவே செய்ய முடியாது. அது நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பதினாறு வயதில் வருகிற ஆசை பொய் என்று நான் சொல்லத் தயாரில்லை. காத்திரு, படி, நானும் கூட இருக்கிறேன் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். சும்மா ‘வெட்டிப் போடுவேன்’ என்றால் அந்தப் பிள்ளைக்கு இரவுக் கோச்சிதான் வழி.

ஹட்டன் வீடியோக்காரர், 22.02.2025

‘படம் மதுரைச் சாதி வெறியைக் காட்டுகிறது, நம் தோட்டங்களில் அதெல்லாம் இல்லை’ என்ற கருத்தை ஏற்க முடியாது.

கங்காணிமார் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக் கூட்டி வந்த காலத்திலேயே ஊர், உறவு, சாதி எல்லாம் சேர்ந்தேதான் வந்தன. லயங்களைக் கூடச் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். மலையில் ஒன்றாக நிரை பிடிப்போம், தேத்தண்ணி ஒன்றாகக் குடிப்போம், சங்கத்தில் ஒன்றாகக் கொடி பிடிப்போம். கல்யாணம் என்று வரும்போது ‘அவங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி அடுப்படியிலிருந்து வந்துவிடும். மதுரையைப் போல வாள் எடுத்து வருவதில்லை, அது நமக்குப் பெருமைதான். ஆனால் பேசாமல் ஒதுக்குவார்கள், சாவு வீட்டுக்கு வர மாட்டார்கள். பத்து வருடம் ஒதுக்கி வைத்த வீட்டை எனக்குத் தெரியும்.

படத்தில் சித்தப்பா சென்னைக்கு வந்து எவ்வளவு இனிமையாகப் பேசி இருவரையும் அழைத்துப் போகிறார். பிறகு அந்தத் தாலிக்கு என்ன நடந்தது? முருகன் உயிர் பிழைக்க வேண்டும் என்று அவளே கழற்ற வேண்டிய நிலை. சத்தம் போடுகிற அப்பாவை விட அந்த இனிமையான பேச்சுக்குத்தான் நான் பயப்படுகிறேன். அந்தப் பேச்சை நம் லயத்திலும் கேட்டிருக்கிறேன்.

ஹட்டன் வீடியோக்காரர், 01.03.2025

படத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, இதுவும் இதே விஷயம்தான்.

என் பெரிய அத்தையின் கதை. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி 1974இல் பேசினார்கள். எண்ணியது தலைகளை, குடும்பங்களை இல்லை. அத்தைக்குப் பிடித்தவர் பணியக்கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) இருந்தார். அவர் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, எங்கள் வீட்டார் இங்கே இருக்க மனுப் போட்டிருந்தார்கள். தாத்தா ‘கடல் தாண்டி மகளைக் கொடுக்க மாட்டேன்’ என்றார். இருவரும் ஓடிப்போகவும் நினைத்தார்கள். எங்கே ஓடுவது? அவருக்கு நாட்டை விட்டுப் போகிற தேதியே எழுதி வந்துவிட்டது.

எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுகிறவர்களை இழுத்துப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அம்மா சொல்லுவார். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் ராமேஸ்வரம். அத்தை ஸ்டேஷனுக்குப் போகவில்லை, அன்றைக்கும் பிரட்டுக்கு (காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு) வந்து மலைக்குப் போனார், முழு நாள் கொழுந்து எடுத்தார். பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, நல்லபடி வாழ்ந்தார்.

அவர் ‘காதல்’ பார்த்தார், என் கடையிலிருந்து நானே கொண்டுபோய்ப் போட்டேன். முழுப் படமும் பார்த்தார். மனம் பேதலித்துத் தெருவில் திரிகிற முருகனை அந்தப் பெண்ணின் புருஷனே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்கிற கடைசிக் காட்சியில், ‘இந்தப் பொண்ணு குடுத்து வச்சவ’ என்றார். எல்லோரும் முருகனுக்காக அழுத இடத்தில் அவர் கண் புருஷன் மேல் இருந்தது. இந்தக் கதையை ரயிலில் கூட வந்த ஒருவர் சொன்னதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு புருஷன் இருந்திருக்கிறான் என்பதுதான் அத்தைக்கு முக்கியமாக இருந்தது.

ஹட்டன் வீடியோக்காரர், 08.03.2025

மாசி மாதம், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றிவிட்டார்கள். ராத்திரியில் தப்புச் சத்தம் கேட்கிறது. இந்த இழையை எழுதிக்கொண்டிருப்பதால் ஒன்று தோன்றியது.

காதல் கதையைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்கிற நாம்தான் வருடா வருடம் ரதி மன்மதன் கல்யாணத்தைக் கைக்குழந்தை முதல் கிழவர் வரை உட்கார வைத்துப் பார்க்கிறோம். சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்றாடுகிறாள், கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறாள், அவன் கேட்காமல் போய் எரிந்துபோகிறான். ரதி வேஷம் கட்டிய ஆள் மீசையை மழித்த ஆம்பிளைதான், தெரிந்தும் அந்த ஒப்பாரிக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுகிறார்கள். யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. எரிவதையும் அழுவதையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் அது நம் பிள்ளைகளைக் கெடுக்கவில்லை. லிந்துலைத் தம்பி, உங்கள் அக்கா மகளும் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவள்தானே? ‘காதல்’ படத்தையும் கூடவே உட்கார்ந்து முடிவு வரைக்கும் பாருங்கள். முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். நீங்கள் பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் வீடியோக்காரர், 10.03.2025

மஸ்கெலியா அண்ணன் தன் மகன் விஷயமாகக் கேட்டிருந்தார். இருவருக்கும் 18 தாண்டிவிட்டது, பெண் வீட்டில் இன்னும் பேசவில்லை, கோயிலில் தாலி மட்டும் கட்டி வைத்தால் போதுமா என்று.

போதாது. பதிவு செய்யுங்கள். நம் ஆட்கள் பலர் தாலியோடு நின்றுவிட்டு, பிள்ளை பிறந்த பிறகுதான் முழிக்கிறார்கள். பழைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கூண்டு இருந்தது. அதில் என்ன எழுதப்பட்டதோ அதை அந்தப் பிள்ளை பாடசாலைக்கும் வேலைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இருவருடைய பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பெயரைக் கேட்டு எழுதியவர்கள் ராமாயியை ராமாய் என்றும் செல்வராஜை செல்லராஜா என்றும் எழுதிப்போன வீடுகள் ஏராளம். ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருந்தால் முதலில் அதைத் திருத்தப் போடுங்கள், அதற்குக் காலம் பிடிக்கும். பிறகு நீங்கள் குடியிருக்கும் பிரிவுக்கான விவாகப் பதிவாளரிடம் போய் அறிவித்தல் கொடுக்கலாம்.

தங்குகிற இடத்துக்கு, உங்களுக்கு 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு அறையை இப்போதே ஒழித்து வையுங்கள். பெண் வீட்டுக்கு நீங்களும் அண்ணியும் நேரில் போய்ப் பேசுங்கள், தலைவரை அனுப்ப வேண்டாம். முதல் முறை கதவைச் சாத்தினால் இன்னொரு முறை போங்கள்.